நூற்பாலைக்குள் நின்ற கார்கள்: ஐந்து நாள் பயணக் குறிப்பு

முதல் நாள்: பாஸல்

கோவையில் என் கணவர் கார் ஒர்க்‌ஷாப் வைத்து 26 ஆண்டுகள் ஆகின்றன. அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று மற்ற இடங்களில் கைவிரித்துவிட்ட பழைய வண்டிகள்தான் அவரிடம் அதிகம் வரும். பிரான்ஸில் முலூஸ் என்னும் ஊரில் உள்ள கார் அருங்காட்சியகத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எனக்குப் பழைய ஊர்களின் தெருக்களில் நடக்க வேண்டும். இரண்டு ஆசைக்கும் பொதுவாக ரைன் ஆற்றை ஒட்டி ஒரு வழி அமைந்தது. பாஸல், முலூஸ், கோல்மார், ஸ்ட்ராஸ்பூர்க். மகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு நாள் இரவும் அன்று பார்த்ததை எழுதுவது என் பொறுப்பு.

பாஸல் விமான நிலையம் இருப்பது பிரான்ஸ் மண்ணில். ஒரே கட்டடத்தில் ஒரு வாசல் சுவிட்சர்லாந்துக்கும் இன்னொரு வாசல் பிரான்ஸுக்கும் திறக்கிறது. நாங்கள் சுவிட்சர்லாந்து வாசலில் வெளியேறினோம். அறையில் பெட்டியை வைத்துவிட்டு நேராக ஆற்றுக்குப் போனோம்.

பாஸலின் பேராலயம் செம்மணற்கல்லால் கட்டியது. 1536இல் இந்த ஊரில் இறந்த அறிஞர் எராஸ்மஸின் கல்லறை உள்ளே இருக்கிறது. அதன் பின்புற மாடத்திலிருந்து படி இறங்கினால் படகுத் துறை. அந்தப் படகில் என்ஜின் கிடையாது, துடுப்பும் கிடையாது. ஆற்றின் குறுக்கே உயரத்தில் ஒரு கம்பி வடம். அதில் உருளும் ஒரு கப்பி. கப்பியிலிருந்து தொங்கும் கயிற்றில் படகு. படகுக்காரர் ஒரு கட்டையைத் தள்ளி, சுக்கானைத் திருப்பினார். அவ்வளவுதான். படகு சாய்ந்து நிற்க, அதன் விலாவில் மோதுகிற நீரோட்டமே எங்களை அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனது. ஒரு சத்தம் இல்லை. தண்ணீர் பலகையில் உரசுவது மட்டும் கேட்டது. என் கணவர் கயிறு கட்டியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கரை சேர்ந்ததும் இறங்காமல், இன்னொரு முறை காசு கொடுத்துத் திரும்பி வந்தோம்.

மாலையில் பழைய பாலத்தின் மேல் நின்றபோது, கரையோரம் இருந்த ஒரு பெரிய ஓட்டலைக் காட்டினார். அதன் பெயர் ‘மூன்று ராஜாக்கள்’. "அம்மணி, நாளை நாம் பார்க்கப்போகிற கார்களைச் சேர்த்த அண்ணன் தம்பி ஊரை விட்டுத் தப்பி வந்து தங்கியது இங்கேதான்" என்றார். எதற்காகத் தப்பினார்கள் என்று கேட்டேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

இரண்டாம் நாள்: முலூஸ்

காலை ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை, முலூஸ் வந்துவிட்டது. அங்கிருந்து டிராம். ஊரின் பெயருக்கே ‘ஆலை வீடு’ என்றுதான் பொருளாம். நகரச் சின்னத்தில் இருப்பதும் ஆலைச் சக்கரம்தான்.

அருங்காட்சியகத்தின் முகப்பு புதிது. அதைத் தாண்டிப் பெரிய கூடத்துக்குள் நுழைந்ததும் கணவர் கார்களைப் பார்த்தார். நான் அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். ரம்பத்தின் பற்களைப் போல வரிசை வரிசையாக ஏறி இறங்கும் கூரை. வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் இறங்கும்படி அமைத்தது. கீழே வரிசை பிசகாமல் தூண்கள். இந்தக் கூரையை எனக்கு நன்றாகத் தெரியும். சிறுமியாக இருந்தபோது, அப்பாவுக்குத் தூக்குப்போசியில் சாப்பாடு கொண்டுபோய் மில் கேட்டில் நின்று நான் பார்த்த கூரை இதுதான். அப்பா 31 ஆண்டுகள் ஸ்பின்னிங்கில் சைடு பார்த்தவர், அதாவது நூற்கும் இயந்திரத்தைக் கவனித்துக்கொண்டவர்.

ஆம், இது ஒரு நூற்பாலை. அந்தக் கதையைக் கணவர் பாதியும் அங்கிருந்த பலகைகள் பாதியுமாகச் சொல்லின.

ஹான்ஸ், ஃப்ரிட்ஸ் ஷ்லும்ப் என்று சகோதரர்கள் இருவர். தந்தை சுவிஸ்காரர், தாய் இந்த ஊர்ப் பெண். கம்பளி நூல் ஆலைகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பெரும் முதலாளிகள் ஆனார்கள். ஃப்ரிட்ஸுக்குக் கார்ப் பித்து, அதிலும் புகாட்டி என்றால் உயிர். உலகெங்கும் இருந்த புகாட்டி உரிமையாளர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டு வாங்கினார். புகாட்டி நிறுவனத்தின் கையில் மிஞ்சியிருந்த வண்டிகளையும் வாங்கினார். 1964இல் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஒருவர் சேர்த்துவைத்திருந்த 30 புகாட்டிகளையும் மொத்தமாக வாங்கி ரயிலிலும் கப்பலிலும் ஏற்றிக் கொண்டுவந்தார். எல்லாம் இந்தக் கூடத்துக்குள் வந்து சேர்ந்தன. பாரிஸில் உள்ள மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்தின் விளக்குகளைப் போலவே வார்த்தெடுத்த நூற்றுக்கணக்கான விளக்குக் கம்பங்களை நட்டார்கள். தங்கள் தாயின் நினைவாக ஓர் அருங்காட்சியகம் திறக்க எண்ணம். ஆனால் அதுவரை இது ரகசியம். வண்டிகளைப் புதுப்பித்த கைவினைஞர்கள் வெளியே வாய் திறக்கக் கூடாது.

எழுபதுகளில் ஐரோப்பிய ஜவுளித் தொழில் படுத்தது. ஆலைகள் நொடித்தன, ஆட்குறைப்பு வந்தது, வேலைநிறுத்தம் வந்தது. 1976இல் சகோதரர்கள் எல்லை தாண்டி பாஸலுக்குப் போய்விட்டார்கள். 1977 மார்ச்சில் தொழிலாளர்கள் இந்தக் கட்டடத்துக்குள் புகுந்தார்கள். கதவைத் திறந்தவர்கள் கண்ட காட்சியை நினைத்துப் பார்க்கிறேன். கூலிக்குப் பணம் இல்லை என்ற ஆலைக்குள் சரவிளக்குகளும், வெண்சரளை மேல் வரிசையாக நூற்றுக்கணக்கான கார்களும்.

ஆத்திரத்தில் ஒரு சிறிய ஆஸ்டின் காரைக் கொளுத்தினார்கள். அதோடு நிறுத்திக்கொண்டார்கள். மற்றவற்றில் கை வைக்கவில்லை. இடத்துக்குத் ‘தொழிலாளர் ஆலை’ என்று பெயர் வைத்து, பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, சுமார் இரண்டு ஆண்டுகள் தாங்களே காவல் இருந்தார்கள். 1978இல் பிரெஞ்சு அரசு இந்தச் சேகரிப்பைப் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. அதனால் கார்கள் நாலாபுறமும் விற்றுச் சிதறாமல் ஒரே இடத்தில் தங்கின. 1982இல் தேசிய அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

ஃப்ரிட்ஸ் ஷ்லும்ப்புக்குக் கார்கள் மீது இருந்த அன்பு பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அது இல்லாமல் இவ்வளவு சேர்ந்திருக்காது. ஆனால் இங்கே வருகிறவர்கள் நன்றி சொல்ல வேண்டிய முதல் ஆட்கள், அந்த நூற்பாலைத் தொழிலாளர்கள். சம்பளம் போன கோபத்தில் ஒரு தீக்குச்சி போதுமாயிருந்தது. நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அப்பாவின் மில் கேட்டில் ஒரு காலையில் நோட்டீஸ் தொங்கியது. கணக்கு முடித்துப் பணம் கைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. அந்தக் கோபம் எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அவர்கள் கையை அடக்கிக்கொண்டது எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

இனி கார்கள். 400க்கும் மேற்பட்டவை. அவற்றில் நூற்றுக்கும் அதிகமானவை புகாட்டி. எல்லாவற்றையும் எழுத என்னால் ஆகாது. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, டைப் 35. 1924இல் லியோன் பந்தயத்தில் அறிமுகமான நீல நிறப் பந்தயக் கார். ரேடியேட்டர் குதிரை லாடம்போல வளைந்திருக்கும். எட்டு அகன்ற ஆரங்கள் கொண்ட அலுமினியச் சக்கரம். இதன் முன்னால் கணவர் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். என்னையும் அருகே அழைத்தார். "முன் அச்சைப் பார். நம் வண்டிகளில் பட்டை ஸ்பிரிங்கை அச்சின் மேல் வைத்து யூ போல்ட் போட்டு இறுக்குவோம். இவன் அச்சிலேயே கண் வைத்து, ஸ்பிரிங்கை அதற்குள் நுழைத்திருக்கிறான்." பார்த்தேன். கண்ணாடிபோல மெருகேற்றிய வளைந்த இரும்பு, அதில் சதுரமாக ஒரு கண், அதற்குள் அடுக்கடுக்காகத் தகடுகள். ஊசிக் காதில் நூல் கோத்ததுபோல இருந்தது. போல்ட்களின் தலை அறுகோணம் அல்ல, சதுரம். வாஷரும் தலையும் ஒரே துண்டாகக் கடைந்தவை. வெளியே தெரியாத இடத்துக்கும் இத்தனை அக்கறை.

ஆனால் அவர் மெக்கானிக் அல்லவா, குறையும் சொன்னார். இந்த என்ஜினில் சிலிண்டர் பிளாக்கும் ஹெட்டும் ஒன்றாக வார்த்தவை. ஹெட்டைத் தனியாகக் கழற்ற முடியாது. வால்வு தேய்க்க வேண்டுமென்றால் என்ஜினையே பிரிக்க வேண்டும். "அழகுக்குக் கொடுத்த விலை" என்றார்.

இரண்டாவது, ராயல். எத்தோர் புகாட்டி அரசர்களுக்கென்று செய்த கார். எட்டு சிலிண்டர்கள் ஒரே வரிசையில், கொள்ளளவு 12.7 லிட்டர். கோவையில் ஓடும் சிறிய கார்களின் பத்து என்ஜின்களைச் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. 25 செய்வதாகத் திட்டமிட்டு ஆறுதான் செய்தார். அதிலும் மூன்றைத்தான் வாடிக்கையாளர்களிடம் விற்க முடிந்தது, உலகப் பொருளாதாரம் சரிந்த காலம் அது. அந்த ஆறில் இரண்டு இங்கே நிற்கின்றன. ஒன்று எத்தோர் தனக்கென வைத்துக்கொண்ட ‘கூபே நெப்போலியன்’. அருகில் மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது, அது உதிரி பாகங்களைக் கொண்டு அசலைப் பார்த்துச் செய்த மறுவடிவம். அசலை வாங்கியவர் ஆயத்த ஆடை முதலாளி ஒருவர். இரவில் ஓட்டப்போவதில்லை என்பதால் முகப்பு விளக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். கண் இல்லாத முகம்போல இருந்தாலும் அந்த வளைவுகள் அத்தனை அழகு.

ராயலின் ரேடியேட்டர் மூடியில் பின்னங்கால்களை ஊன்றித் துதிக்கையைத் தூக்கி நிற்கும் ஒரு சிறிய யானை. எத்தோரின் தம்பி ரெம்ப்ராண்ட் புகாட்டி சிற்பி. விலங்குகளை நாள்கணக்கில் பார்த்து வடித்தவர். 1916இல் முப்பத்தோரு வயதில் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பிறகு அண்ணன் செய்த மிகப் பெரிய காரின் உச்சியில் தம்பியின் யானை ஏறி நின்றது. நான் அந்தக் காரைவிட அந்த யானையைத்தான் அதிக நேரம் பார்த்தேன்.

இரவு அப்பாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கார்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "தூண் இருக்கிறதா, தூணுக்குத் தூண் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டார். நூற்கும் இயந்திரமான ரிங் பிரேமை நிறுத்துவதற்கு அந்த இடைவெளிதான் கணக்கு. எடுத்த படங்கள் எல்லாவற்றையும் அவருக்கு அனுப்பிவிட்டுப் படுத்தோம்.

மூன்றாம் நாள்: முலூஸ்

காலையில் ரயில் அருங்காட்சியகம். நேற்றைய கதையின் மிச்சம் இங்கே இருந்தது. விற்காத ராயல்களுக்காகச் செய்த என்ஜின்கள் வீணாகிவிடாமல், எத்தோர் புகாட்டி அவற்றை ரயிலில் பூட்டினார். 1933 முதல் அந்த ரயில் கார்கள் பிரான்ஸில் ஓடின. 1934இல் மணிக்கு 192 கிலோமீட்டர் வேகம் எட்டிச் சாதனை செய்தன. அவற்றில் ஒன்று இங்கே நிற்கிறது, காற்றைக் கிழிக்கும் கூர்மூக்கோடு. அரசர்களுக்காகப் பிறந்த என்ஜின் கடைசியில் டிக்கெட் வாங்கியவர்களைச் சுமந்து ஓடி நிறுவனத்தைக் காப்பாற்றியது என்பது கணவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

பிறகு நடுச்சதுக்கம். 1552இல் கட்டிய நகர மன்றத்தின் வெளிச்சுவர் முழுவதும் ஓவியம். பக்கச் சுவரில் நாக்கைத் தொங்கவிட்டுப் பல் இளிக்கும் ஒரு கல் முகம் தொங்குகிறது. புறம் பேசி ஊரைக் கெடுத்தவர்களின் கழுத்தில் 12 கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்தக் கல்லைக் கட்டி ஊர்வலம் விடுவார்களாம்.

இந்த ஊர் ஆலை நகரமானதற்கு நம் கடற்கரையும் ஒரு காரணம். சோழமண்டலக் கரையில் சாயவேர் கொண்டு சிவப்பேற்றி, பூவும் கொடியும் எழுதிய பருத்தித் துணிகள் பிரான்ஸில் பெரும் மோகத்தைக் கிளப்பின. சொந்த நாட்டு நெசவு படுத்துவிடும் என்று 1686இல் அரசன் தடை போட்டான், 1759 வரை தடை நீடித்தது. முலூஸ் அப்போது பிரான்ஸில் இல்லை, சுவிஸ் நகரங்களோடு கூட்டு வைத்திருந்த தனிக் குடியரசு. ஆகவே 1746இல் இங்கே அச்சுத் துணி ஆலை தொடங்கினார்கள். அந்தத் துணிகளை ‘இந்தியன்’ என்றே அழைத்தார்கள். துணியில் சாயம் நிற்கச் செய்யும் தொழில்நுட்பத்தை, புதுச்சேரிப் பக்கம் இருந்த கேர்தூ பாதிரியார் 1742இல் கடிதமாக எழுதி பிரான்ஸுக்கு அனுப்பியிருக்கிறார். பால், கடுக்காய், சாயவேர் என்று நம் கைகள் அறிந்த பொருள்கள் எல்லாம் அதில் உண்டு. அச்சுத் துணியில் தொடங்கி நூற்பு, நெசவு, இயந்திரம் என்று வளர்ந்ததுதான் முலூஸ். பிறகு ஆலைத் துணி கப்பலேறி நம் நெசவாளர்களின் பிழைப்பைக் கெடுத்ததையும் சேர்த்தே நினைத்துக்கொண்டேன்.

மாலையில் தொழிலாளர் குடியிருப்புக்கு நடந்தோம். 1853இல் ஒரு ஆலை முதலாளி முன்னின்று தொடங்கியது. ஒரே கூரையின் கீழ் நான்கு மூலைக்கு நான்கு வீடுகள். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனித் தோட்டம். மாதாமாதம் பணம் கட்டித் தொழிலாளியே வீட்டைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். இன்றும் மக்கள் அவற்றில் குடியிருக்கிறார்கள். ஒரு தோட்டத்தில் வெங்காயத் தாள் வளர்ந்திருந்தது. நான் பிறந்த லைன் வீட்டில் பத்துக் குடும்பங்களுக்கு ஒரு தண்ணீர்க் குழாய்.

நான்காம் நாள்: கோல்மார்

கோல்மார் கண்ணுக்கு விருந்து. மரச்சட்டங்களுக்கு இடையில் சுண்ணாம்பு பூசி மஞ்சளும் நீலமும் இளஞ்சிவப்புமாக நிற்கும் வீடுகள், கால்வாய், ஜன்னல் தோறும் பூந்தொட்டி. 1537இல் கட்டிய ஃபிஸ்டர் மாளிகையின் மூலை மாடம் ஒன்றே போதும். நியூயார்க் சுதந்திர தேவி சிலையை வடித்த பர்த்தோல்டி பிறந்ததும் இதே ஊர்தான். கூட்டம் மட்டும் நெரிகிறது. காலை ஒன்பதுக்குள் நடந்துவிடுவது நல்லது. பாதாம் பதித்த குக்லோப் ரொட்டி சூடாகக் கிடைத்தது. நடுவில் குழி விழும் மண் அச்சில் வார்த்துச் சுடுகிறார்கள், தித்திப்பு குறைவு.

ஆனால் கோல்மாரில் என்னை நிறுத்தியது உன்டர்லின்டன் அருங்காட்சியகத்தில் உள்ள பலிபீட ஓவியம். 1512க்கும் 1516க்கும் இடையில் க்ரூனவால்ட் வரைந்தது. ஈசன்ஹைம் என்ற இடத்தில் இருந்த மடத்து மருத்துவமனைக்காகச் செய்தார்கள். கோதுமைக்கு உறவான ரை என்ற தானியத்தில் பிடிக்கும் பூஞ்சையால் வரும் ஒரு கொடிய நோய், கை கால் எரிந்து கருகி அழுகும். அந்த நோயாளிகளின் கண் முன்னால் வைக்க வரைந்த படம் இது. அதனால் சிலுவையில் இருக்கும் கிறிஸ்துவின் உடம்பிலும் அதே புண்கள், அதே பச்சை படிந்த தோல். விரல்கள் வலியில் விறைத்துப் பிரிந்து நிற்கின்றன. மடிப்புப் பலகையைத் திறந்தால் உள்ளே உயிர்த்தெழுந்தவர், புண்ணெல்லாம் நீங்கிச் சூரிய வட்டத்தில். உன் வலி எனக்குத் தெரியும் என்று முதலில் சொல்லி, அதன் பிறகே ஆறுதல் சொல்கிற ஓவியம். அதன் முன் நின்றவர்கள் யாரும் பேசவில்லை.

ஐந்தாம் நாள்: மொல்ஷைம், ஸ்ட்ராஸ்பூர்க்

ஸ்ட்ராஸ்பூர்க்கில் இறங்கியதும், பெட்டியைப் போட்டுவிட்டு மொல்ஷைமுக்கு ரயில் ஏறினோம். 1909இல் எத்தோர் புகாட்டி தொழிற்சாலை தொடங்கிய ஊர். அங்கிருந்து நடை தூரத்தில் டோர்லிஷைம் கல்லறைத் தோட்டம். எத்தோர், ரெம்ப்ராண்ட், எத்தோரின் மகன் ழான் எல்லாரும் அங்கே ஒரே இடத்தில்.

விளக்கு இல்லாத அந்த ராயலின் வளைவுகளை வரைந்தவர் இந்த ழான்தான். 1939 ஆகஸ்டில், லெ மான் பந்தயத்தில் வென்ற காரையே இந்த ஊருக்கு அருகே சாலையில் ஓட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார். சைக்கிளில் ஒருவர் குறுக்கே வந்துவிட, அவரைக் காப்பாற்ற வண்டியை ஒடித்து மரத்தில் மோதினார். வயது முப்பது. தந்தை எட்டு ஆண்டுகள் கழித்து இறந்தார். என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அப்படி நிற்பது அந்த ஊர் வழக்கம் இல்லைதான். ஆனால் அவருக்குத் தெரிந்த மரியாதை அது.

ஸ்ட்ராஸ்பூர்க் திரும்பும்போது நேரம் நெருக்கிவிட்டது. பேராலயத்தின் வானியல் கடிகாரத்தில் பகல் 12.30க்குத்தான் பொம்மைகள் நகரும். ஓடிப்போய்ச் சேர்ந்தோம். இப்போதுள்ள இயந்திரம் 1842இல் முடித்தது. பன்னிரண்டு சீடர்களும் ஒருவர் பின் ஒருவராகக் கிறிஸ்துவின் முன் வணங்கிக் கடந்தார்கள். மேலே இருந்த சேவல் சிறகடித்து மூன்று முறை கூவியது. பற்சக்கரங்களை மட்டுமே கொண்டு, ஆண்டுதோறும் மாறி வரும் ஈஸ்டர் நாளைக்கூடக் கணக்கிடும் கடிகாரம் அது. வெளியே வந்து 142 மீட்டர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தோம். 1647 முதல் 1874 வரை உலகிலேயே உயரமான கட்டடம். மாலை வெயிலில் அந்தச் செம்மணற்கல் ஆரஞ்சு நிறமாக மாறும்வரை சதுக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

அறைக்கு வந்து போனைப் பார்த்தால் அப்பாவிடமிருந்து செய்தி. அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் பார்த்தாராம். எல்லாம் நன்றாக இருக்கிறதாம். கூரை தெரிகிற படம் இன்னும் பெரியதாக இருந்தால் அனுப்பச் சொல்லியிருக்கிறார். கணவர் கேமராவில் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் எடுத்தவை எல்லாம் அச்சும் போல்ட்டும்தான். நான் அண்ணாந்து நின்றபோது எடுத்த ஒரு படத்தில் மட்டும் கூரை முழுவதும் விழுந்திருக்கிறது. அதைத்தான் இப்போது அனுப்புகிறேன்.